வார்லி தேவாலயமும் அதனைச் சூழ்ந்த மலையும்

இலங்கையின் தொல்பொருட் சட்டத்தில் ஒரு திகதி இடம்பெற்றுள்ளது. 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதி. கண்டி இராச்சியத்தின் பிரதானிகள் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்ட நாள் அது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், அந்த நாளுக்கு முன்னர் எழுந்த கட்டடங்களையே புராதன நினைவுச் சின்னங்கள் என்று வரையறுக்கிறது. அதற்குப் பிற்பட்ட ஒரு கட்டடம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறவேண்டுமாயின், அதனைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகத் தனியே வர்த்தமானியில் அறிவித்தல் வேண்டும்.

மலையகத்தைச் சேர்ந்தவர்கள் இத்திகதியைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். கோப்பித் தோட்டங்கள், தேயிலைத் தோட்டங்கள், புகையிரதப் பாதை, தொழிற்சாலைகள், துரைமார் பங்களாக்கள், லயங்கள், மாரியம்மன் கோயில்கள், தேவாலயங்கள் ஆகிய அனைத்தும் 1815இற்குப் பின்னர் தோன்றியவை. கண்டி இராச்சியம் வீழ்ந்தமையாலேயே இவை தோன்றின என்றுகூடச் சொல்லலாம். ஆகவே, இந்தியத் தமிழர் இந்நாட்டில் வாழ்ந்த இரு நூற்றாண்டு வரலாற்றின் தடயங்கள் முழுவதும் சட்டம் வரைந்த கோட்டுக்கு அப்பாலேயே நிற்கின்றன. காலிக் கோட்டையில் 1755இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் கோட்டுக்கு இப்பால் நிற்கிறது. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயம் அப்பால் நிற்கிறது.

அந்த வார்லி தேவாலயத்தை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஹற்றனிலிருந்து டிக்கோயாவைத் தாண்டி நோர்வூட் நோக்கிச் செல்லும் வீதியில் பயணித்தவர்கள் அதனைக் கண்டிருப்பர். காசல்றீ நீர்த்தேக்கத்தை நோக்கியபடி, தேயிலைச் சரிவொன்றின் மேல் நிற்கும் கருங்கல் கட்டடம் அது. ஆங்கிலக் கிராமமொன்றிலிருந்து பெயர்த்தெடுத்து வந்து வைத்ததுபோன்ற தோற்றம். உள்ளே பழைய மரவாங்குகள், பீடத்தின் பின்னே வண்ணக் கண்ணாடிச் சாளரம், ஒரு குழல் ஓர்கன், வெளியே கல்லறைகள். அங்கிலிக்கன் திருச்சபைக்குரிய இவ்வாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பேராயரின் ஆசனம் அமைந்த பேராலயம் எதுவும் இத்தோட்டப் புறங்களில் இல்லை. நுவரெலியாவில் 1852இல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன் அவர்களால் அர்ப்பணிக்கப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயம், பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலயம், வார்லி ஆலயம் முதலியனவே இங்கு பேராலயங்களின் இடத்தை வகிக்கின்றன.

இத்தகைய ஓர் ஆலயத்தைப் பேணிக்காக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆயின், எதுவரை காப்பது? சுவரோடு நின்றுவிடுவதா, மதிலுக்கு வெளியேயும் செல்வதா? இதுவே என் கேள்வி.

1878இன் டிக்கோயா

இந்த ஆலயம் கட்டப்பட்ட ஆண்டே ஒரு வரலாற்றுச் செய்தியாகும். 1878இல் டிக்கோயா கோப்பியின் பூமி. ஆனால் கோப்பி இலையைத் தின்னும் பங்கசு நோய் 1869லேயே இலங்கையில் கண்டறியப்பட்டுவிட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை அடியோடு வீழ்ந்தது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் பயிரிட்ட தேயிலையே பின்னர் மலைகளை மூடியது. ஆக, வார்லி ஆலயம் கோப்பிப் பணத்தின் இறுதிக் காலத்தில் எழுந்து, தேயிலையின் காலம் முழுவதையும் பார்த்துக்கொண்டு நிற்கும் கட்டடம்.

இன்னொன்றும் உண்டு. புகையிரதம் நாவலப்பிட்டியை 1874இல் அடைந்தது; ஹற்றனை அடைந்தது 1884இல்தான். எனவே ஆலயம் எழுந்தபோது கண்ணாடியும் இரும்பும் மற்றைய தளபாடங்களும் நாவலப்பிட்டிக்கு அப்பால் மாட்டு வண்டியிலோ மனிதத் தோளிலோதான் மலையேறியிருக்க வேண்டும். மலையகத்தின் வீதிகளையும் பாலங்களையும் அமைத்த கரங்கள் எவருடையவை என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மதுரை, திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்களின் கரங்கள் அவை. அந்தப் பாதையில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தோர் ஏராளம். அவர்களின் நினைவாக 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், ஆகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்றது. மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டிய நிகழ்வு அது.

தோட்டத் தேவாலயங்கள் துரைமாருக்கென்றே எழுந்தவை. தொழிலாளருக்கான சமயப் பணி வேறாக நடந்தது. 1854இல் தோட்ட முதலாளிமாரின் ஆதரவோடு சேர்ச் மிஷன் சங்கத்தினர் தொடங்கிய அமைப்புக்கு 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். பிற்காலத்தில் அப்பெயர் கைவிடப்பட்டது. துரைமார் நாடு திரும்பிய பின்னர் ஆலயங்களைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி, மணியடித்துக் காத்துவந்தவர்களில் பெரும்பாலோர் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களே. கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் இன்றில்லை. கட்டடம் இன்றும் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் சுற்றிவர வாழ்ந்த மக்கள்தாம்.

பெயருள்ள கல்லறைகளும் பெயரற்றவையும்

வார்லிக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் ஆலயத்தினுள் கழிக்கும் நேரத்தைவிடக் கல்லறைகளிடையே கழிக்கும் நேரம் அதிகம். செய்திப் பணிகளுக்காக அவ்வழியே சென்றபோதெல்லாம் நானும் அங்கு நின்றிருக்கிறேன். இளவயதிலேயே மாண்ட துரைமார், அவர்தம் மனைவியர், பிறந்து சில மாதங்களே வாழ்ந்த குழந்தைகள். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல் தொலைவில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பலியானவர்கள். அவர்கள்பால் இரக்கம் சுரக்காமல் எவராலும் அங்கிருந்து திரும்ப முடியாது.

பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறை இதைவிடப் புகழ்பெற்றது. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கிரட் கமரன் அங்கேதான் துயில்கிறார். டார்வின், டெனிசன் முதலியோரைப் படமெடுத்த அவர், 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்து அவரருகே அடக்கம் செய்யப்பட்டார். அக்கணவரை நம்மவர்கள் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்திலேயே சந்தித்திருப்பர். 1833இன் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களில் வரும் சார்ள்ஸ் ஹே கமரன் அவர்தான். இராஜகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழிய முறைக்கு முடிவுகட்டிய சீர்திருத்தம் அது. அதன் பின்னர் விரிந்த தோட்டங்களுக்குக் கண்டிக் கிராமத்தவர் நிரந்தரக் கூலிகளாக வர விரும்பாத நிலையில், தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அந்தச் சட்ட அறிஞரே பின்னர் தோட்ட உரிமையாளராகி, அம்மக்களின் நடுவே மாண்டு, அம்மண்ணிலேயே புதைக்கப்பட்டார் என்பது வரலாற்றின் ஒரு விசித்திரம்.

அவருடைய துணைவியார் இலங்கையில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத் தொழிலாளரும் ஊழியரும் இடம்பெறுகின்றனர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் இருப்போரை உலகம் பெயரிட்டு அழைக்கிறது. இலங்கைப் படங்களில் இருப்போர் பெரும்பாலும் பெயரற்றவர்கள்.

கல்லறை விடயத்திலும் இதே வேறுபாடுதான். தொழிலாளரின் சடலங்கள் தோட்டத்து இடுகாட்டில் மண் மேடுகளின் கீழ் அடங்கின. இரண்டு மழைக்காலம் கடந்தால் அம்மேடு கரைந்துவிடும். ஆலயச் சரிவுக்குக் கீழேயுள்ள லயமொன்றில் முதியவர் ஒருவரிடம் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். “எங்க தாத்தா இந்த மலையிலதான் இருக்காருங்க ஐயா. எந்த எடம்னு கேட்டா எனக்கு மட்டுமில்ல, எங்க அப்பாவுக்கே தெரியாது” என்றார். மேலேயுள்ள கல்லறைகளின் பாசியை அகற்றுவதற்கு அவரும் இளமையில் கூலிக்குச் சென்றவராம்.

மேலேயுள்ள கல்லறைகளைக் கைவிட வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒரே மலையில் வாழ்ந்து மடிந்த இரு சாராருள் ஒரு சாராரின் நினைவை மட்டும் பேணினால், வரும் சந்ததி மலையகத்தைத் துரைமார் உண்டாக்கிய பூமியாகவே கற்றுக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

ஏடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியும் பழைய ஏடுகள் உண்டு. தோட்ட அலுவலகங்களில் செக்ரோல் புத்தகங்கள் இருந்தன. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுக்கு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, இந்நாட்டில் தொடர்ந்து வசித்தமைக்கான அத்தாட்சி கேட்கப்பட்டது. ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் தலைவிதியை நிர்ணயித்த காலம் அது. அதனை அறிந்தவர்கள் இந்த ஏடுகளைக் கறையானுக்கு விட்டுவைக்க மாட்டார்கள். கல்லைப் பேணும் முன்னர் ஏட்டைப் பேண வேண்டும் என்பேன். கல் நூறாண்டு பொறுக்கும், ஏடு பொறுக்காது.

கீழே வந்த நீரும் மேலிருந்து சரியும் மண்ணும்

வார்லி ஆலயத்தின் படத்தைக் காண்போர் அந்த நீர்ப்பரப்பையும் சேர்த்தே இரசிக்கின்றனர். ஆனால் ஆலயம் எழுந்தபோது அங்கு ஏரி இல்லை. கெஹெல்கமு ஓயா பாய்ந்த பள்ளத்தாக்கு மட்டுமே இருந்தது. விமலசுரேந்திர மின் நிலையத்துக்காக 1960களின் நடுப்பகுதியில் அணை கட்டப்பட்டபின் தோன்றியதே காசல்றீ நீர்த்தேக்கம். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் மவுசாக்கலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டுவதும், அவற்றைக் காண மக்கள் திரள்வதும் மலையகத்தவர் அறிந்த காட்சி.

ஆகவே சுற்றாடல் என்பது மாறாத ஒன்றல்ல. ஆலயத்தின் கண்ணெதிரே கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ஆறு ஏரியானது. அணை கட்டியது நாட்டுக்கு வெளிச்சம் தந்தது. நாம் கேட்க வேண்டியது, இனி வரும் மாற்றங்களைத் திட்டமிட்டு ஏற்கிறோமா, வந்தபின் வருந்துகிறோமா என்பதே.

இன்றைய மாற்றங்களுள் முதன்மையானது மண். செங்குத்தான சரிவில் தேயிலையை அகற்றிவிட்டு நிலத்தைத் திறந்து போடுவது, பழைய கான்களைத் தூர்வாராமல் விடுவது, அத்தாட்சியின்றிச் சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மழைநீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது. ஆங்கிலேயரின் தோட்டக்காரர்கள் காட்டை அழித்த குற்றவாளிகள்தாம். ஆயினும் கான் வெட்டுவதில் அவர்கள் கவனமாக இருந்தனர். சமவுயரக் கோட்டில் கான் வெட்டி, நீரை மெல்ல வழிந்தோடச் செய்தால் மண் நிற்கும் என்பதைப் பழைய கங்காணிமாரும் அறிந்திருந்தனர். அந்தக் கான்கள் மூடுண்டால் மேலேயுள்ள நீர் ஆலய அத்திவாரத்தின் அடியிலும் லயங்களின் அடியிலும் ஒரே விதமாகத்தான் புகும். கழுவிச் செல்லப்படும் மண் நீர்த்தேக்கத்தில் படிகிறது. அந்நீர் களனி கங்கையைச் சேர்ந்து, கொழும்பு மக்களின் குடிநீரில் ஒரு பங்காகிறது. டிக்கோயாவின் சரிவு கொழும்பின் தண்ணீர்க் குழாயோடு தொடர்புடையது.

மண்சரிவு எவ்வளவு கொடியது என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் கண்டோம். லயங்கள் மக்களோடு புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் திகதி இரவு இதே வகையில் 70 பேர் பலியாயினர். அவர்களும் தேயிலைத் தொழிலாளரான தமிழர்களே; அங்கும் புதைந்தவை லயங்களே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது 600இற்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே மிகுந்த இழப்பைச் சந்தித்தன. துரைமார் தமது பங்களாவுக்கும் ஆலயத்துக்கும் உறுதியான மேட்டைத் தெரிந்தெடுத்தனர். லயங்களுக்கு எஞ்சிய இடம் கிடைத்தது. அன்று வகுத்த நில ஒழுங்கின் விலையை இன்றும் தொழிலாளர் கொடுக்கின்றனர்.

எவை மறுவாழ்வு பெற்றன?

தோட்டக் கட்டடங்களுள் சில நன்கு பேணப்பட்டுள்ளன. கந்தப்பளையின் ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக மறுவாழ்வு பெற்றது. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழவுள்ள துரைமார் பங்களாக்கள் சில 2005 முதல் செல்வந்தப் பயணிகளுக்கான விடுதிகளாயின. கட்டடத்தை இடிக்காமல் புதிய பயன்பாட்டுக்கு ஆக்குவது நல்ல முறையே. நுவரெலியாவில் 1894இல் எழுந்த செங்கல் தபால் நிலையத்தை ஹோட்டல் திட்டமொன்றுக்கு வழங்க அரசு முனைந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். நூறாண்டு கடந்த கட்டடத்தின்மீது மக்களுக்குப் பாசம் உண்டு. அது பொதுப் பயன்பாட்டிலேயே இருக்கவேண்டும் என்ற விருப்பமும் உண்டு.

தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் கிடைத்த மறுவாழ்வு லயத்துக்குக் கிடைக்கவில்லை. லயக் காம்பராக்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையும் ஒரு குறுகிய முன்வாசலுமாக, தகரக் கூரையின் கீழ், மூன்று தலைமுறைகள். அவற்றை மரபுரிமை என்று சொல்லி அவர்களை அங்கேயே வைத்திருப்பது பெரும் பாதகம். தனி வீடும் அதற்குரிய 7 பேர்ச்சஸ் நிலமும் உறுதிப்பத்திரத்தோடு அவர்களைச் சேர வேண்டும். ஆனால் அவர்கள் வெளியேறிய பின்னர் எல்லா லயங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டால், இப்படியொரு வாழ்க்கை வாழ்ந்தோம் என்பதற்குச் சாட்சி எது?

இதற்கு ஒரு முன்மாதிரி நம்மிடமே உண்டு. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயமொன்றையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் உருவாக்கியது. அரசாங்கம் செய்யவேண்டியதைத் தொண்டு நிறுவனம் ஒன்று செய்துகாட்டியது. வார்லியின் அருகேயும் ஒரு லயம், குடியிருப்போர் தனி வீடுகளுக்குச் சென்றபின், பேணப்படுமாயின் ஆலயத்தைக் காண வருவோர் மலையகத்தின் இரு பக்கங்களையும் ஒரே பயணத்தில் கண்டு செல்வர்.

திட்டம் எப்படி அமைய வேண்டும்?

பாதுகாப்புத் துறையின் உலகளாவிய நெறிகள் இதைத்தான் வலியுறுத்துகின்றன. 1964இன் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச் சின்னத்தை அது சாட்சியாக நிற்கும் வரலாற்றிலிருந்தும் அது அமைந்திருக்கும் சூழலிலிருந்தும் பிரிக்கலாகாது என்கிறது. 2005இல் சீனாவின் சியான் நகரில் கூடிய நிபுணர்கள் சுற்றாடலுக்கெனவே தனிப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். கண்டி நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, தலதா மாளிகையோடு அதனைச் சூழ்ந்த நகரப்பகுதியும் சேர்ந்தது. மாளிகையின் அருகே நிற்கும் புனித பவுல் ஆங்கிலிக்கன் ஆலயமும் அதனுள் அடங்கும். சமயங்கள் வேறாயினும் ஒரே நகரத்தின் கதை என்பதே அதன் பொருள்.

எச்சரிக்கைக்கும் ஓர் உதாரணம் உண்டு. அதே 1988இல் பட்டியலில் இடம்பெற்ற காலிக் கோட்டையின் கட்டடங்கள் அழகாகப் பேணப்படுகின்றன. ஆனால் நிலத்தின் விலை ஏற ஏற, பரம்பரையாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல வீட்டை விற்றுச் சென்றுவிட்டன. வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. காசல்றீக் கரையிலும் அது நிகழாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வார்லியைப் பொறுத்தவரை பெரும் சிக்கல் அதிகாரம் சிதறிக் கிடப்பதுதான். ஆலயம் திருச்சபைக்குரியது. சூழவுள்ள தோட்ட நிலம் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாகி, 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையில் உள்ளது. நீர்த்தேக்கம் மின்சாரத் துறையினுடையது. வீதி வேறொருவருடையது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தமது நிதியில் சேவை செய்வதற்கே 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை தடை இருந்தது. மூன்று தசாப்தங்களாகத் தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தும், குப்பை அள்ளவோ வாய்க்கால் கட்டவோ அச்சபையிடம் உரிமையோடு கேட்க முடியாதிருந்தனர். அதே ஆண்டில் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் உருவாயின. எனவே இன்று சாக்குச் சொல்ல இடமில்லை.

செய்ய வேண்டியவை என நான் கருதுபவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆவணப்படுத்தல். கல்லறை எழுத்துகள் அனைத்தையும் பிரதிசெய்து, ஏடுகளைக் கணினிப் படமாக்கி, லயங்களில் வாழும் முதியோரின் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மாணவர்கள் போதும்.

இரண்டாவது, பழைய கட்டடத்துக்குப் பழைய வைத்தியம். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய கற்சுவரின் ஈரம் சாந்தின் வழியே வெளியேறும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கல்லையும் சாந்தையும் அரிக்கும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சீமெந்துப் பூச்சு நம் கோயில்களையும் தேவாலயங்களையும் ஒருசேரக் கெடுத்துவருகிறது. கல்லறைப் பாசியைக் கம்பித் தூரிகையாலும் அமிலத்தாலும் உரசுவதும் அவ்வாறே எழுத்தைத் தின்றுவிடும். சுண்ணாம்பு வேலையில் தேர்ந்த கொத்தனார் அருகிவிட்டனர். தோட்டத்து இளைஞர்களுக்கு இக்கைத்தொழிலைப் பயிற்றினால் ஆலயமும் பிழைக்கும், அவர்களும் பிழைப்பர்.

மூன்றாவது, நீர்வழி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடங்களை அடிப்படையாகக் கொண்டு, ஆலயம், லயங்கள், வீதி, நீர்த்தேக்கக் கரை அனைத்துக்கும் ஒரே வடிகால் திட்டம் வகுக்க வேண்டும். ஆபத்தான சரிவில் விடுதிக்கும் அனுமதி இல்லை, லயத்துக்கும் இடமில்லை என்பது கண்டிப்பான விதியாக வேண்டும். ஆலய அத்திவாரத்தைச் சோதிக்கும் அதிகாரி கீழேயுள்ள லயத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

நான்காவது, நினைவு. ஆலய வளவிலோ அருகிலோ, இம்மலைகளில் பெயரின்றிப் புதைந்த தொழிலாளருக்காக ஒரு பொதுக் கல். அடக்க ஏடுகளிலும் செக்ரோலிலும் கிடைக்கும் பெயர்களை அதில் பொறிக்கலாம். அறிவிப்புப் பலகைகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும்.

ஐந்தாவது, வருவாய். வருகைதருவோர் தரும் பணத்தில் ஒரு பங்கு ஆலயப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு அயலிலுள்ள குடியிருப்புக்கும் செல்லவேண்டும். வழிகாட்டிகள் அங்கு பிறந்தவர்களாக இருக்கட்டும். இவற்றையெல்லாம் தீர்மானிக்கும் குழுவில் திருச்சபை, தொல்பொருள் திணைக்களம், கம்பனி, பிரதேச சபை ஆகியோரோடு குடியிருப்பாளரும் வாக்குரிமையோடு அமர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று. 1815 மார்ச் 2 என்ற அந்தத் திகதியைப் பற்றி நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் பேச வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியே வர்த்தமானி தேடி அலையாமல், பெருந்தோட்டக் காலத்து மரபுரிமையை ஒரு தொகுதியாகக் கணக்கெடுத்துப் பாதுகாப்பதற்கு வழி செய்யலாம். அந்தக் கணக்கெடுப்பில் தேவாலயமும் பங்களாவும் இடம்பெறட்டும். லயமும் பிரட்டுக்களமும் மாரியம்மன் கோயிலும் இடுகாடும் அவற்றோடு சேர்ந்தே இடம்பெற வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைக் காப்பது கடினம் என்பதை அந்த மலையே மழைக்காலந்தோறும் நமக்குச் சொல்கிறது.